ஆட்டுக்காக, மாட்டுக்காக, மீனுக்காக மச்சம் விட்டால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏழு வருடத்துக்கு முன்னர் நான் மச்சம், அதாவது இறைச்சியும் மீனும், சாப்பிடுவதை விட்டேன். இரண்டு வருடம் கழித்துப் பாலும் முட்டையும் போயின. அன்றிலிருந்து கலியாண வீட்டுப் பந்தியிலும், வேலைத்தலத்தில் சோற்றுப் பார்சலை அவிழ்க்கும்போதும், சொந்தக்காரர் வீட்டுக் குசினியிலும் அதே கேள்விகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. கேட்கிறவர்களில் பலர் தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறார்கள். சிலருக்குத் தாங்களும் விட வேண்டும் என்று மனதில் இருக்கிறது, எங்கே தொடங்குவது என்றுதான் தெரியவில்லை. அவர்களை நினைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன்.

சைவம், மரக்கறி, வீகன் எல்லாம் ஒன்றுதானே?

இல்லை. யாழ்ப்பாணத்தில் சைவம் என்றால் சமயமும்தான், சாப்பாடும்தான். சைவச் சாப்பாட்டில் இறைச்சி, மீன், முட்டை இல்லை. ஆனால் பால், தயிர், நெய் எல்லாம் உண்டு. வீகன் என்பவர் அவற்றையும் தேனையும்கூட விடுகிறார். அந்தச் சொல் 1944இல் இங்கிலாந்தில் டொனால்ட் வாட்சனும் அவரோடு சேர்ந்த சிலரும் உண்டாக்கியது. தமிழில் நனிசைவம் என்று எழுதுகிறார்கள். எனக்கு அந்தச் சொல் பிடிக்கும். ஆனால் எங்கள் ஊர்க் கடையில் போய் நனிசைவம் என்றால் யாருக்கும் விளங்காது. "பாலும் வேண்டாம், நெய்யும் வேண்டாம், மாசிக் கருவாடும் போடாதையுங்கோ" என்று சொன்னால்தான் காரியம் நடக்கும்.

வெள்ளிக்கிழமை, கந்தசஷ்டி, நல்லூர்த் திருவிழா என்று விரதம் பிடிக்கிறோமே. அது போதாதா?

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிகம் பதில் சொல்லியிருக்கிறேன். நல்லூரில் கொடியேறினால் 25 நாள் எங்கள் வீட்டில் மச்சச் சட்டி அடுப்பேறாது. அம்மா அதைக் கழுவி, வெயிலில் காயவைத்து, பரணில் கவிழ்த்துவிடுவார். சைவச் சட்டி, மச்சச் சட்டி என்று இரண்டு வைத்திருக்கும் வீடுகள் எங்கள் ஒழுங்கையிலேயே எத்தனையோ. ஆனால் திருவிழா முடிந்த மறுநாள் காலையில் மீன் சந்தைக்குப் போய்ப் பாருங்கள், நிற்க இடம் இருக்காது. 25 நாள் அடக்கிவைத்த நாக்கு அன்றைக்கு அவிழ்கிறது.

விரதத்தை நான் குறைவாக நினைக்கவில்லை. விரதம் பிடிக்கிறவர் தன் மனதுக்காகப் பிடிக்கிறார், கடவுளுக்காகப் பிடிக்கிறார். அதில் ஆட்டுக்கோ மீனுக்கோ இடமில்லை. யாருக்காக விடுகிறோம் என்பது மாறினால் நாட்காட்டி தேவைப்படாது. வெள்ளிக்கிழமை வலிக்கிற உயிருக்குச் சனிக்கிழமையும் வலிக்கும்.

விரதத்தால் கிடைத்த இன்னொரு நன்மையையும் சொல்ல வேண்டும். உலகத்தில் பல இடங்களில் இறைச்சியை விடுகிறவர் என்ன சமைப்பது என்று முதலிலிருந்து படிக்க வேண்டியிருக்கிறது. எங்கள் அம்மாமாருக்கு ஒரு மாதம் முழுக்க, ஒரு நாள் வைத்த கறியை மறுநாள் வைக்காமல், மச்சம் இல்லாமல் சமைக்கத் தெரியும். அந்த அறிவு ஏற்கெனவே வீட்டில் இருக்கிறது.

உங்களை மாற்றியது எது?

நண்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா பாசையூரில் இருந்து நண்டு வாங்கிவந்தார். நல்ல நீலக்கால் நண்டு, உயிரோடு. குசினியில் அலுமினியச் சட்டிக்குள் போட்டு மூடிவைத்திருந்தது. அம்மா கோயிலுக்குப் போயிருந்ததால் உடைக்கிற வேலை எனக்கு வந்தது. மூடியைத் திறந்தபோது ஒன்று மற்றவற்றின்மேல் ஏறி விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தது. அதை எடுத்து ஓட்டைக் கழற்றினேன். ஓடு ஒரு கையில், உடல் மறுகையில். உடலில் இருந்த கால்கள் மடங்கி நீண்டு, மடங்கி நீண்டு, எதையோ பிடிக்கத் தேடின. சட்டிக்குள் இருந்த மற்றவை கால்களால் அலுமினியத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தன. அந்தச் சத்தம்தான் எனக்குள் நின்றுவிட்டது. அன்றைக்குக் கறி வைத்தோம். நானும் சோற்றோடு சாப்பிட உட்கார்ந்தேன், முடியவில்லை.

நண்டுக்கு வலிக்குமா என்ற கேள்வியை அதன் பிறகுதான் வாசித்தேன். 2021இல் லண்டன் பொருளியல் கல்லூரியின் ஆய்வாளர்கள் அதுவரை வந்த நூற்றுக்கணக்கான ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, நண்டு, இறால், கணவாய் போன்றவை உணர்வுள்ளவை என்பதற்குப் போதிய சான்று இருக்கிறது என்று அறிக்கை கொடுத்தார்கள். 2022இல் பிரித்தானியா தன் விலங்குநலச் சட்டத்தில் அவற்றையும் உணர்வுள்ள உயிர்களாகச் சேர்த்தது. இந்த மூன்றும் யாழ்ப்பாணச் சமையலுக்கு எவ்வளவு நெருக்கம் என்று நான் சொல்லத் தேவையில்லை.

மீனுக்குமா வலிக்கும்?

வலிக்கும் என்றுதான் சான்றுகள் சொல்கின்றன. 2003இல் லின் ஸ்னெடன் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் ட்ரவுட் மீனின் முகத்தில் வலியை உணரும் நரம்பு முனைகள் இருப்பதைக் காட்டினார்கள். உதட்டில் எரிச்சல் தரும் பொருளை ஊசியால் ஏற்றியபோது அந்த மீன்கள் தொட்டியின் அடியில் இருந்த கற்களில் உதட்டைத் தேய்த்தன, இரையை நெடுநேரம் தொடவில்லை. வலிநீக்கி கொடுத்த மீன்களில் அந்தத் தேய்ப்பு குறைந்தது. மீன் கத்தாது. எங்களுக்குக் கேட்கவில்லை என்பதால் அதற்கு ஒன்றுமில்லை என்று நினைத்துவிட்டோம்.

நான் கொல்லவில்லையே, கடையில் வாங்கித்தானே சாப்பிடுகிறேன்?

இதற்குப் பதில் திருவள்ளுவர் சொல்லிவிட்டார். புலால் மறுத்தல் அதிகாரத்தில் 256ஆம் குறளின் கருத்து இதுதான்: தின்பதற்காக வாங்குகிறவர் இல்லாவிட்டால், விலைக்காகக் கொன்று விற்கிறவரும் இருக்கமாட்டார். கொல்லாமைக்குத் தனி அதிகாரம் வைத்தவர், புலால் மறுத்தலையும் தனியாக வைத்தது இந்தக் கேள்விக்காகத்தான் என்று எனக்குத் தோன்றும்.

ஆடு வெட்டும் கோயில் வேள்வியை எதிர்ப்பது வேறு, இறைச்சி சாப்பிடுவது வேறு இல்லையா?

ஆட்டுக்கு வேறு இல்லை. கிராமத்து வைரவர் கோயில்களிலும் அம்மன் கோயில்களிலும் நடந்த வேள்விகளைப் பற்றி யாழ்ப்பாணத்தில் நீண்ட காலம் வாதம் நடந்தது. 19ஆம் நூற்றாண்டில் ஆறுமுக நாவலர் கொலையையும் புலாலுண்ணலையும் பாவங்களில் வைத்துப் பிள்ளைகளுக்கு வினாவிடையாகவே எழுதிக் கொடுத்தார். 2017இல் யாழ்ப்பாண மேல் நீதிமன்றம் ஆலயங்களில் மிருகபலிக்குத் தடை விதித்தது. அந்தத் தீர்ப்பு வந்தபோது நான் மகிழ்ந்தேன். அப்போது நான் ஆட்டிறைச்சி சாப்பிட்டுக்கொண்டிருந்தவன். கோயில் வாசலில் வெட்டினால் கொடுமை, கடைக்குப் பின்னால் வெட்டினால் ஞாயிற்றுக்கிழமைக் கறி என்று நான் எப்படிப் பிரித்து வைத்திருந்தேன் என்பதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

பால் குடித்தால் மாடு சாகாதே. அதை ஏன் விட வேண்டும்?

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பாலை விடுவதுதான் எனக்கும் கடினமாக இருந்தது.

மாடு கன்று போட்டால்தான் பால். ஒன்பது மாதம் சுமந்து ஈன்ற பிறகு சுரக்கிறது. வற்றிப் போனால் மறுபடி சினைப்படுத்த வேண்டும். அப்படி ஒவ்வொரு தடவையும் ஒரு கன்று பிறக்கும். பாதி நாகு, பாதி நாம்பன், அதாவது ஆண் கன்று. நாகு வளர்ந்து பால் தரும். நாம்பனை என்ன செய்வது? உழவும் வண்டிலும் மாட்டை நம்பியிருந்த காலத்தில் அதற்கு வேலை இருந்தது. தோட்டத்துக்குள் லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் வந்த பிறகு அந்த வேலை போய்விட்டது. மாட்டுவண்டிச் சவாரிக்கு வளர்ப்பவர்கள் எத்தனை கன்றை எடுப்பார்கள்? மிச்சம் எங்கே போகிறது என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும், யாரும் கதைப்பதில்லை.

எங்கள் வீட்டிலும் ஒரு மாடு நின்றது. அம்மம்மா அதைப் பிள்ளை மாதிரிப் பார்த்தார். மாட்டுப் பொங்கலுக்குக் குளிப்பாட்டி, சந்தனம் பொட்டு வைத்து, மாலை போடுவார். மூன்றாவது ஈற்றில் நாம்பன் கன்று. நெற்றியில் வெள்ளைச் சுட்டி. நாலு மாதத்தில் ஒருவர் வந்து விலை பேசிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு போனார். அன்று இரவும் மறுநாள் இரவும் மாடு கத்தியது. படலையைப் பார்த்தபடி நின்று கத்தியது. மூன்றாம் நாள் குரல் அடைத்துக் கரகரத்தது. அம்மம்மா வைக்கோல் கொண்டுபோய்ப் போட்டுவிட்டுப் பக்கத்தில் குந்தியிருந்து அழுதார். கன்றை விற்கச் சொன்னதும் அவர்தான். கொடுமைக்காரி இல்லை. பால் வேண்டுமென்றால் வேறு வழியில்லை என்று நினைத்தார்.

வீட்டு மாட்டுக்கே இப்படி. நாங்கள் தேத்தண்ணிக்குப் போடும் பால்மாவில் பெரும்பகுதி நியூசிலாந்து போன்ற நாடுகளின் பெரிய பண்ணைகளில் இருந்து வருகிறது. அங்கே கன்றைப் பிறந்த ஓரிரு நாளிலேயே தாயிடமிருந்து பிரித்துவிடுவது வழக்கம். 2021, 2022இல் பால்மாத் தட்டுப்பாடு வந்தபோது தேத்தண்ணிக் கடைகள் பால்தேத்தண்ணியை நிறுத்தின. யாழ்ப்பாணம் பிளேன்ரீ குடித்தது. ஒரு கடி பனங்கட்டி, ஒரு மிடறு பிளேன்ரீ. எங்கள் அப்பப்பா காலத்துப் பழக்கம்தானே.

முட்டை? அதுவும் வீட்டுக் கோழி முட்டை?

கடை முட்டையைப் பற்றி முதலில். காட்டில் இருந்த கோழியினம் வருடத்துக்கு ஒரு டசின் முட்டை அளவில்தான் இடும். பண்ணைக் கோழியை 300 வரை இடும்படி இனப்பெருக்கம் செய்திருக்கிறார்கள். அந்த இனத்தில் பொரிக்கும் சேவல் குஞ்சு முட்டையும் இடாது, இறைச்சிக்கும் கொழுக்காது. அதனால் பொரித்த அன்றே கொன்றுவிடுகிறார்கள். இறைச்சிக்கோழி ஐந்து, ஆறு கிழமையில் வெட்டுக்குப் போகிறது. அப்போதும் அது கீச்கீச் என்றுதான் கத்தும், குஞ்சுதான்.

முற்றத்தில் திரியும் ஊர்க்கோழியின் நிலை இதைவிட எவ்வளவோ மேல். நான் அதையும் சாப்பிடுவதில்லை. ஆனால் ஒருவர் பண்ணை முட்டையை விட்டு அதோடு நிற்கிறார் என்றால் நான் சண்டைக்குப் போகமாட்டேன்.

இது கடைசியில் சாதிப் பெருமை, சமயப் பெருமை ஆகிவிடாதா?

ஆகியிருக்கிறது. மறைக்கக்கூடாது. "நாங்கள் சைவம், அவை மச்சம்" என்று சொல்லிச் சக மனிதரைத் திண்ணையோடு நிறுத்திய ஊர் இது. கோயிலுக்குள் விடாத ஊர் இது. அந்தச் சைவத்தில் ஆட்டின் மேல் இருந்த இரக்கம் மனிதனுக்குக் கிடைக்கவில்லை. உயிருக்காக மச்சத்தை விடுகிறவர் முதலில் விட வேண்டியது அந்த மேட்டிமையை.

அப்புறம், மாட்டிறைச்சியை மட்டும் தனியாகப் பிடித்துக்கொண்டு முஸ்லிம் சகோதரர்கள்மேல் பாய்கிறவர்களோடு நான் ஒருநாளும் சேரமாட்டேன். 1990இல் அவர்களைச் சில மணி நேரத்தில் இந்த மண்ணை விட்டு வெளியேற்றிய காயம் இன்னும் ஆறவில்லை. பசுவின் பெயரால் அதைக் கிளறுகிறவர், தன் வீட்டுக் கோழிக்கறியைப் பற்றியும் தன் தேத்தண்ணிப் பாலைப் பற்றியும் முதலில் யோசிக்கட்டும்.

கடற்றொழிலாளரின் வயிற்றில் அடிப்பதாகாதா?

குருநகரில் எனக்கு நண்பர்கள் இருக்கிறார்கள். போர்க்காலத்தில் கடலுக்குப் போகத் தடை, பிறகு இழுவைப்படகுகள் வலையை அறுத்துக்கொண்டு போகும் கொடுமை. அவர்கள் பட்டது கொஞ்சமல்ல. கடலின் அடியையே வாரிக்கொண்டு போகும் இழுவைமடித் தொழிலை இலங்கை 2017இல் சட்டம் போட்டுத் தடை செய்தது. அது மீனுக்கும் நல்லது, சிறு தொழிலாளிக்கும் நல்லது. நான் அவர்களிடம் போய்த் தொழிலை விடு என்று சொல்லும் தகுதி உடையவன் அல்ல. என் தட்டில் என்ன இருக்கிறது என்பதற்கு மட்டும் நான் பொறுப்பு. நாளைக்கு அவர்களுடைய பிள்ளைகளுக்கு வேறு நல்ல தொழில் கிடைக்க வேண்டும் என்று கேட்கும் கூட்டத்தில் நானும் நிற்பேன்.

செடிக்கும் உயிர் இருக்கிறதே?

இருக்கிறது. நரம்பும் மூளையும் இல்லை, வலியை உணர்வதற்கான சான்றும் இல்லை. அப்படியே செடிக்காக இரங்கினாலும், ஒரு கிலோ இறைச்சிக்கோழி வளர ஒன்றரை முதல் இரண்டு கிலோ சோளமும் சோயாவும் போகிறது. கோழியை விட்டால் செடியும் மிச்சம்.

உடம்புக்குப் போதுமா? புரதம், இரத்தம், கல்சியம்?

புரதத்துக்குப் பயப்படத் தேவையில்லை. பருப்பு, பயறு, உழுந்து, கடலை, கௌபி, சோயாமீற் இவற்றில் இரண்டு ஒவ்வொரு நாளும் வந்தால் சரி. இரும்புக்குக் கீரை, பயறு, எள்ளு. கீரைக்கறியை இறக்கிய பிறகு தேசிக்காய் பிழிவது நாக்குக்கு மட்டுமல்ல, அதிலுள்ள வைற்றமின் சி இரும்பை உடம்பில் சேர்க்கிறது. சாப்பிட்ட கையோடு தேத்தண்ணி குடித்தால் அந்த இரும்பு குறைவாகத்தான் சேரும், ஒரு மணி நேரம் பொறுங்கள். கல்சியத்துக்குக் குரக்கன், எள்ளு, முருங்கையிலை. குரக்கன் மாவில் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் கல்சியம் இருக்கிறது. அயடின் கலந்த உப்பையே வாங்குங்கள்.

இனி முக்கியமானது: வைற்றமின் பி12. இது தாவர உணவில் இல்லை. பழஞ்சோற்றில் இருக்கிறது, புளித்த தோசைமாவில் இருக்கிறது என்று சொல்வார்கள். அதை நம்பி இருக்கக்கூடாது. ஈரலில் சேமிப்பு இருப்பதால் குறைபாடு உடனே தெரியாது, சிலருக்கு இரண்டு மூன்று வருடம்கூட ஆகும். பிறகு கால் விறைப்பு, ஊசி குத்துவது போன்ற உணர்வு, களைப்பு, நாக்குப் புண், மறதி. கவனிக்காமல் விட்டால் நரம்புப் பாதிப்பு நிரந்தரமாகிவிடலாம். எனக்கும் ஒரு தடவை கால்விரல் விறைத்தது. விறைப்பை வயதின் குற்றம் என்று விட்டிருந்தேன். இரத்தப் பரிசோதனையில் பி12 அடிமட்டத்தில். ஊசி போட்டு, இப்போது ஒழுங்காகக் குளிசை எடுக்கிறேன். பால் குடிக்கும் சைவக்காரருக்கும் இது குறைவாக இருக்கலாம். மருத்துவரிடம் கேட்டு அளவை முடிவு செய்யுங்கள், வருடம் ஒரு தடவை இரத்தம் பாருங்கள். பாலை விடும் அன்றே பி12 குளிசையைத் தொடங்குங்கள். இதில் மட்டும் என் பேச்சைத் தட்டாதீர்கள்.

கர்ப்பிணிகள், பிள்ளைகள்?

முடியும், ஆனால் தனியாகச் செய்யாதீர்கள். மருத்துவரிடமும் வீட்டுக்கு வரும் குடும்பநல உத்தியோகத்தரிடமும் முதலிலேயே சொல்லுங்கள். கிளினிக்கில் தரும் திரிபோஷா சத்துமாவில் சோளம், சோயாவோடு பால்மாவும் இருக்கிறது. பால் எடுக்காதவர் அதற்கு ஈடாக என்ன சாப்பிடுவது என்று கேளுங்கள். பாலூட்டும் தாய் பி12 எடுக்காவிட்டால் குழந்தைக்கும் கிடைக்காது. சிறுபிள்ளையின் பாலை உங்கள் முடிவால் மட்டும் நிறுத்த வேண்டாம்.

வெளியே சாப்பிட என்ன இருக்கிறது?

நிறைய. பெரியகடைப் பக்கம் மலாயன் கஃபே போன்ற பழைய சைவக்கடைகளில் வாழையிலைச் சோறு கிடைக்கும். நெய்யும் தயிரும் வேண்டாம் என்று சொன்னால் போதும். எங்கள் சொதி தேங்காய்ப்பாலில்தான். இடியப்பம், பிட்டு, சம்பல், தோசை எல்லாம் பிரச்சினை இல்லை. கவனிக்க வேண்டியவை: சம்பலிலும் சில மரக்கறிகளிலும் தூவும் மாசி, மரக்கறி ரோல்ஸுக்குமேல் பூசும் முட்டை, பணிஸில் பால்மா, ஜெலியில் ஜெலற்றின். ஜெலற்றின் மாட்டின் அல்லது பன்றியின் எலும்பு, தோலில் இருந்து எடுப்பது.

வீட்டில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். என்ன செய்வது?

சண்டை பிடிக்காதீர்கள். குசினிக்குள் போங்கள். நான் என் பங்குக்குத் தினமும் ஒரு கறி வைக்கத் தொடங்கினேன். பிலாக்காயைப் பிஞ்சில் வாங்கி, யாழ்ப்பாணக் கறித்தூள் தாராளமாகப் போட்டு, இறைச்சிக்கறி மாதிரிப் பிரட்டினேன். மாமி இரண்டாம் தரம் கேட்டு வாங்கினார்.

பொங்கலுக்குத் தேங்காய்ப்பாலில் பொங்குகிறோம், நன்றாகப் பொங்கி வழிகிறது. கடினமாக இருந்தது அப்பா இறந்த பிறகு படைத்த எட்டுச் செலவு. அவருக்குப் பிடித்த மீனும் நண்டும் படைக்க வேண்டும் என்று சித்தப்பா நின்றார். துக்க வீட்டில் நான் எதிர்த்துப் பேசவில்லை. அவர்கள் படைத்தார்கள். நான் அப்பாவுக்குப் பிடித்த கத்தரிக்காய்ப் பொரித்த குழம்பைச் செய்து அதே படையலில் ஒரு ஓரமாக வைத்தேன். அதற்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வருடத் திவசத்துக்குச் சித்தப்பாவே, "அந்தக் குழம்பை வைக்கிறாய்தானே?" என்று கேட்டார்.

எல்லாவற்றையும் விடலாம், மீன் போட்டுக் காய்ச்சும் ஒடியல் கூழை எப்படி விடுவது?

விட வேண்டாம். காய்ந்த பனங்கிழங்கை இடித்த ஒடியல் மாவை முதலில் தண்ணீரில் ஊறவைத்து, மேல் தண்ணீரை இரண்டு தரம் ஊற்றிவிடுங்கள், கயர்ப்புப் போய்விடும். பெரிய பானையில் தண்ணீர் கொதிக்கப் பலாக்கொட்டை, மரவள்ளிக்கிழங்கு, பயிற்றங்காய் போட்டு அவியவிடுங்கள். ஒரு பிடி அரிசியும் போடலாம். வெந்து வரும்போது முருங்கையிலை. செத்தல் மிளகாய், மஞ்சள், உப்பை அரைத்துப் பழப்புளிக் கரைசலோடு சேர்த்து ஊற்றுங்கள். மீன் இல்லாத இடத்தை நிரப்பக் காளானும் சுட்டுப் பிய்த்த கத்தரிக்காயும் போடுகிறேன், சாற்றுக்குக் கனம் வரும். கடைசியாக ஒடியல் மாவைக் கரைத்து ஊற்றி, அடிப்பிடிக்காமல் கிண்டுங்கள். காரம் குறைய விடாதீர்கள். பின்னேரம் முற்றத்தில் எல்லோரையும் கூப்பிட்டு இருத்தி, பிலாவிலையை மடித்து ஈர்க்கு குத்தி, சுடச்சுட ஊற்றிக் கொடுங்கள்.